நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது

தம்பி,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப்போவதில்லை. அதைத்தான் வாரம் இரண்டு தடவை போனில் கேட்டுக்கொள்கிறோமே. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அப்பா என்ன செய்கிறார், சரி வைக்கிறேன். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நீ வைத்த பிறகும் நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் வச்சிட்டான், நீ இன்னும் யாருகூட பேசிக்கிட்டு இருக்க?" என்பார். அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றுபோன எழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். காலையில் வியாபாரம் முடித்து வந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு நாளாக எழுதுகிறேன். நீயும் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சுற்றி வளைத்து, கடைசியில் சொல்லாமலே விட்டுவிடுவேன். சிங்கப்பூரில், உன் ஆபீஸ் வாசலில், அன்றைக்கு நீ என்னை இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் திரும்பவில்லை. காதில் விழவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். அது பொய் என்று உனக்கும் தெரியும், உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒன்பது மாதமாக நாம் இரண்டு பேரும் மாத்திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது கல்யாணம் என்கிறாய். அங்கேயே பதிவு செய்துகொள்கிறோம், நீ அலைய வேண்டாம் என்கிறாய். என் அலைச்சலை நினைத்து நீ அப்படிச் சொல்லவில்லை. கல்யாணத்தன்று நாலு பேர் முன்னால் என்னை அம்மா என்று கூப்பிட்டால் நான் திரும்புவேனா என்று உனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை உனக்குக் கொடுத்தவள் நான். அதை வைத்துக்கொண்டு நீ குடும்பம் நடத்தப் போகக் கூடாது.

நீ எனக்கு டிக்கெட் போட்டது தடைக்காலத்தில். படகு கடலுக்குப் போகாத அந்த இரண்டு மாதம்தான் என்னைப் போன்ற மீன்காரிகளுக்கு விடுமுறை. உன் அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார். முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர், விமானம் என்றதும், "தண்ணியில விழுந்தா நீந்திக்கலாம், அங்கேருந்து விழுந்தா எதப் புடிச்சிக்கிறது?" என்று சுவரோடு சாய்ந்துகொண்டார். நான் மட்டும் கிளம்பினேன். அதற்கு முன்பே ஒரு மாதமாக மீனைத் தொடவில்லை. இருந்தாலும் தினமும் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிற்று. பழைய சேலை ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, பெட்டியில் எல்லாம் புதிது. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது வேண்டும்.

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் சனிக்கிழமை திருநள்ளாறுக்கு வருகிற கூட்டம்தான். குளத்தில் முழுகுவார்கள், சாமி கும்பிடுவார்கள், நேரம் இருந்தால் காரைக்கால் கடற்கரைக்கு வந்து கால் நனைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். கலெக்டர் ஆபீஸ் முன்னால் நின்று யாரும் போட்டோ எடுத்து நான் பார்த்ததில்லை. நீ என்னைக் கூட்டிக்கொண்டுபோன இடத்தில் அதைத்தான் செய்கிறார்கள். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து, பாங்குகளையும் ஆபீஸ்களையும் அண்ணாந்து பார்த்து, தரையில் முழங்கால் போட்டுக்கூட போட்டோ எடுக்கிறார்கள். உள்ளே வேலை செய்கிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடக்கிறார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அப்புறம், அந்தப் போட்டோக்களில் எல்லாம் ஏதோ ஒரு ஜன்னலில் என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

காலையில் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "என்கூட வாம்மா, நான் வேலை செய்யற எடத்த பாரு. மத்தியானம் நான் கீழ வரேன், சேந்து சாப்பிடலாம்" என்றாய். ரயிலை விட்டு மேலே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். பூமிக்கு அடியிலிருந்து படிக்கட்டு வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், முடிவே இல்லை. நம்மூர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏல நேரத்தில் இருக்கும் கூட்டத்தை விடப் பெரியது. ஆனால் நம்மிடம் ஏச்சும் பேச்சும் இருக்கும், யாராவது யாரையாவது நகரச் சொல்லித் திட்டுவார்கள். இங்கே சத்தமே இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். எல்லார் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. உன் கழுத்திலும் தொங்கியது. "இது எதுக்குடா மாடு மாதிரி?" என்று கேட்டேன். "இது இல்லாட்டி கதவு தெறக்காதும்மா" என்று சிரித்தாய்.

போவதற்கு முன்னால் அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டி, ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை என் கையில் கொடுத்தாய். பதினொன்றரைக்கு முன்னால் ஒரு மேசையில் இதை வைத்துவிட்டால் அது நம் இடம், யாரும் தொட மாட்டார்கள், நாலு இடம் பிடித்துவிடு என்றாய். எனக்குப் புரியாது என்று நினைத்து இரண்டு தடவை விளக்கினாய். இதில் விளக்குவதற்கு என்ன இருக்கிறது? ஏலத்தில் என் கூடையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அது என் இடம்தானே. அந்த ஊரில் எனக்கு உடனே புரிந்த ஒரே விஷயம் அதுதான். பொட்டலம், குடை, தண்ணீர் பாட்டில், கைக்குட்டை என்று நாலு நாற்காலிக்கு நாலு பொருள் வைத்துவிட்டு, பெருமையாக எழுந்து நடந்தேன். நாம் இரண்டு பேர்தானே, எதற்கு நாலு இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை கொஞ்சம் தாராளமாக உட்கார ஆசைப்படுகிறான் என்று விட்டுவிட்டேன்.

உன் ஆபீஸ் வாசலுக்கு எதிரே, ஆற்றோரத்து மரத்தடியில் வந்து நின்றேன். நீ வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. வந்தாய். ஒரு பையன், ஒரு பெண், நடுவில் நீ. முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாய். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாய், அந்தச் சிரிப்பு எனக்கு முன்பின் தெரியாத சிரிப்பு. அழகாக இருந்தாய் தம்பி. என்னைப் பார்த்தாய், கையைத் தூக்கினாய். என் முகம் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டது. நான் திருப்பவில்லை, தானாகத் திரும்பியது என்று எழுத ஆசைதான். ஆனால் கால் நடந்ததே, அதற்கு என்ன சொல்வேன்? முதலில் "அம்மா" என்று சாதாரணமாகக் கூப்பிட்டாய். அப்புறம் நம்மூர் கடற்கரையில் கூப்பிடுகிற மாதிரி, அத்தனை பேர் நடக்கிற அந்த இடத்தில், "யம்மோவ்" என்று கூப்பிட்டாய். நாலைந்து பேர் நின்று பார்த்தார்கள். நான் நிற்கவில்லை.

எவ்வளவு தூரம் நடந்தேன் என்று தெரியாது. சிங்கத் தலையும் மீன் உடம்புமாகத் தண்ணீர் துப்புகிற அந்தச் சிலையிடம் போய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டேன். ஒரு புருஷன் பெண்டாட்டி என்னிடம் போனை நீட்டி, தங்களை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார்கள். எடுத்துக் கொடுத்தேன். படத்தில் அவர்கள் தலை இல்லாமல்தான் விழுந்திருப்பார்கள். அந்தப் பத்து நிமிடம் நான் யாருக்கும் அம்மா இல்லை, ஊர் பார்க்க வந்த ஒருத்தி, அவ்வளவுதான். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, அந்தப் பத்து நிமிடமும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

நீ தனியாகத் தேடிக்கொண்டு வந்தாய். வேர்த்திருந்தது. "கூப்பிட்டேன்ல, எங்கம்மா போன?" என்றாய். "காதுல விழலப்பா, ஒரே வண்டிச் சத்தம்" என்றேன். அங்கே வண்டிச் சத்தம் ஏது. ஆனால் நீ நம்பினாய். கோபமாக வந்த முகம் அப்படியே இளகிவிட்டது. "காது கேக்கலியா? எத்தன நாளா? ஏன் சொல்லல?" என்று என் காதைத் தொட்டுப் பார்த்தாய். நீ கோபப்பட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ இளகியதும் பொய்யை விட முடியவில்லை. நாலு பொருள் வைத்த மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். உன்னோடு வந்தவர்கள் எங்கே என்று கேட்டேன். அவர்களுக்கு வேலை வந்துவிட்டது என்றாய். நீயும் அன்றைக்கு ஒரு பொய் சொன்னாய்.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து என்னைக் காது பார்க்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோனாய். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். தம்பி, நான் எவ்வளவு முட்டாள் பார். பொய்யைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அழுத்தாமல் இருந்திருக்க வேண்டும். எனக்கோ அது பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, கொசு பறக்கிற மாதிரி வந்த சத்தத்துக்கெல்லாம் அழுத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. முதல் மார்க் வாங்கியவள் மாதிரி வெளியே வந்தேன். அந்தப் பெண் உன்னிடம் ஒரு காகிதத்தைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ரயிலில் அந்தக் காகிதத்தை விரித்துப் பார்த்தாய், மடித்துப் பையில் வைத்தாய். "காது நல்லா இருக்காம்மா. சின்னப் புள்ளைக்குக் கேக்கற மாதிரி கேக்குதாம்" என்றாய். அதற்குப் பிறகு இறங்கும்வரை நீ பேசவில்லை. எனக்கு அப்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்த ஒன்றரை நிமிடப் பேச்சு.

ஏன் திரும்பவில்லை என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காரணம் தெரியும் என்று நினைத்திருப்பாய். ஆறாம் வகுப்பு நினைவு வந்திருக்கும். எனக்கும் வந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்த புதிது. பள்ளிக்கூடத்தை ஒட்டிய தெருக்களில்தான் எனக்கு வியாபாரம். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரத்துக்குக் கூடையோடு அந்தப் பக்கம் வருவேன். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நீ மட்டும் கேட்டைத் தாண்டி ஓடிவருவாய், "எங்கம்மாடா" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டே ஓடிவருவாய். ஒருநாள் சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தாய். யாரடா அடித்தது என்றால், "நான்தான் மொதல்ல அடிச்சேன்" என்றாய். அன்றைக்குத்தான் உன்னிடம் சொன்னேன்: "இனிமே ரோட்டுல என்னப் பாத்தா கூப்புடாத. கூப்புட்டாலும் நான் திரும்ப மாட்டேன். உன் நல்லதுக்குத்தான்." நீ மாட்டேன் என்று அழுதாய். மறுநாள் கேட்டில் நின்று கூப்பிட்டாய், நான் போய்க்கொண்டே இருந்தேன். தலையில் கூடை இருந்தால் திரும்பாமல் போவது சுலபம், கழுத்து அப்படியே நேராக நிற்கும். அடுத்த நாளும் கூப்பிட்டாய். அதற்கு அடுத்த நாள் நீ கூப்பிடவில்லை. கேட்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாய், நான் பார்க்காத மாதிரி போனேன். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஏழு வருடம் அப்படியே ஓட்டினோம். பள்ளிக்கூடம் விட்டு நீ வெளியே வருவதை வாசலில் நின்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இத்தனை வருடமாக இதை உனக்காகச் செய்த தியாகம் என்றுதான் எனக்குள் வைத்திருந்தேன். உன் அப்பாவிடம்கூட அப்படித்தான் பெருமையடித்திருக்கிறேன். ஆனால் யோசித்துப் பார். அந்த ஆற்றோரத்தில் நாற்றம் எங்கேயிருந்து வந்தது? மீன் தொட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்ட கை. தலையில் கூடை இல்லை. புதுச் சேலை. என்னை மீன்காரி என்று தெரிந்தவன் அந்த ஊரிலேயே நீ ஒருத்தன்தான், நீயோ கையைத் தூக்கிக் கூப்பிடுகிறாய். உனக்கு அவமானம் என்று நினைக்க அங்கே ஒரு காரணமும் இல்லை. அப்படியும் நான் திரும்பவில்லை. அப்போது வெட்கம் யாருடையது? என்னுடையதுதான். முதலிலிருந்தே என்னுடையதுதான். நீ ஆறாவது படிக்கும்போது உன் வகுப்பு டீச்சர் பெற்றோரை வரச்சொல்லி, நான் வியாபாரத்தை முடித்து அப்படியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த டீச்சரம்மா எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி வைத்தார். வெயில் காலம். அவர் மனதில் ஒன்றும் இருந்திருக்காது, உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை, அந்த மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் சட்டை கிழிந்தது அதற்கு அடுத்த வாரம். சட்டை எனக்கு ஒரு சாக்காகக் கிடைத்தது. மூக்கைப் பிடித்த பயல்களை நீயே அடித்துச் சமாளித்துக்கொண்டிருந்தாய், என்னால்தான் முடியவில்லை. என் வெட்கத்தைத் தூக்கி உன் தலையில் வைத்து, உன் நல்லதுக்கு என்று பெயர் வைத்துவிட்டேன்.

அம்மா அறிவுரை சொல்லாமல் கடிதம் எழுதினாள் என்று இருக்க வேண்டாம், ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அதன் நல்லதுக்கு என்று எதையாவது செய்ய வாயெடுக்கும்போது, இது உண்மையில் யாருக்காக என்று ஒரு நிமிடம் உன்னையே கேட்டுக்கொள். பிள்ளை கேட்காததைப் பிள்ளைக்காகச் செய்யும்போது கட்டாயம் கேட்டுக்கொள். மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடு, வரப்போகிற பெண்டாட்டியோடு சண்டை போட்டால் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடு. நம் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை, உன்னிடமிருந்தாவது தொடங்கட்டும்.

இத்தனையும் இப்போது எழுத வைத்தது யார் என்று கேட்பாய். போன வாரம் யமுனா பேசினாள். நீ கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணிடமிருந்து எனக்கு வந்த முதல் போன். நம்பரை உன் போனிலிருந்து எடுத்தாளாம், அவளைத் திட்டாதே. நல்லா இருக்கீங்களா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். அப்புறம், "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இங்க வந்தப்ப, எங்க ஆபீஸ் வாசல்ல பச்சைச் சேலையில நின்னீங்களா? அன்னைக்கு அவரு எங்கள அவங்க அம்மாவோட சாப்பிடத்தான் கூட்டிட்டு வந்தாரு. ஒருத்தங்களப் பாத்துக் கூப்பிட்டாரு, அவங்க திரும்பல. உங்கம்மாவான்னு கேட்டேன். இல்ல, வேற யாரோ, தப்பா கூப்பிட்டுட்டேன்னாரு. இப்ப அவரு வீட்ல உங்க போட்டோவப் பாத்தேன், அதே சேலை" என்றாள்.

நாலாவது நாற்காலி யாருக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதைவிட, நீ சொன்ன அந்த வார்த்தை. வேற யாரோ. நீ சொன்னதில் தப்பில்லை, நான்தானே உன்னை அப்படிப் பழக்கினேன். ஆனால் அதைக் கேட்டபோதுதான், ஆறாம் வகுப்புப் பிள்ளை அந்தக் கேட்டில் நின்று என்ன பாடு பட்டிருக்கும் என்று இத்தனை வயதுக்குப் பிறகு எனக்குப் புரிந்தது. நான் ஒரே ஒரு தடவை காதால் கேட்டேன், நீ ஏழு வருடம் தினமும் கண்ணால் பார்த்தாய். என்னை மன்னித்துவிடு தம்பி. இதைப் போனில் சொல்லியிருந்தால், "அத விடும்மா" என்று வைத்துவிடுவாய்.

யமுனாவிடம், "நான்தாம்மா. அவன் கூப்புட்டது கேட்டுச்சு. நான்தான் திரும்பல" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. "அவரு அன்னைக்கு ஆபீஸ்ல யார்கூடவும் பேசல அத்தை" என்றாள். அப்புறம், "டிக்கெட் நான் போடறேன், நீங்க வாங்க" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்லிவிட்டேன். இனிமேல் உன்னிடம் எதையும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் நான் வருகிறேன். நீ அலைச்சல் என்றாலும் வருகிறேன், வேண்டாம் என்றாலும் வருகிறேன். உன் அப்பா இந்தத் தடவையும் சுவரைப் பிடித்துக்கொள்வார், அவரை நான் பேசிக் கிளப்பிவிடுகிறேன். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது, முழங்கால்தான் காலாவதியாகிவிட்டது, ஆனாலும் அந்தப் படிக்கட்டுகளை ஏறிவிடுவேன். ஆபீஸ் நாளாகப் பார்த்து, நீ சாப்பிட இறங்கி வருகிற நேரத்துக்கு உன் வாசலில் வந்து நிற்பேன். கூட யார் வந்தாலும் சரி, உன் மேலதிகாரியே வந்தாலும் சரி. முப்பது வருடமாக மூன்று ஊர்த் தெருக்களில் மீன் கூவிய தொண்டை இது. நாலாவது தெருவில் இருக்கிறவளும் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். எல்லா மீனின் பெயரையும் கூவியிருக்கிறேன், உன் பெயரை மட்டும் தெருவில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அங்கே கூப்பிடுவேன். உனக்குக் கோபம் இருந்தால் திரும்பாமல் போ, எனக்கு அது வேண்டியதுதான். நீ அன்றைக்கு இரண்டு தடவையோடு விட்டுவிட்டாய். நான் விடமாட்டேன்.

உன் அம்மா